கிசுகிசுப்பும் கேட்கும், அலறலும் உறுத்தாது... பாடல்களைப் பக்குவப்படுத்திய பழைய இரும்புப் பெட்டிகளின் கதை!

இயர்போனை மாட்டிக்கொண்டு உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கேளுங்கள். பல்லவி தொடங்கும் முன் பாடகர் மூச்சை இழுப்பதுகூடக் காதில் விழும். முதல் வரியை ரகசியம் சொல்வதுபோலப் பாடுவார். சரணத்தில் அதே குரல் உச்சிக்கு ஏறி, தொண்டை கிழியப் பாடும். ஆனால், முதல் வரிக்காக நீங்கள் சத்தத்தைக் கூட்டவும் இல்லை. சரணத்துக்காகக் குறைக்கவும் இல்லை.

நேரில் இப்படி நடக்காது. ஒருவர் கிசுகிசுப்பதற்கும் கத்துவதற்கும் இடையே, காற்றில் எழும் ஒலி அழுத்தம் நூறு மடங்குக்கும் மேல் மாறும். பக்கத்தில் டிரம்ஸ் முழங்கினால் அந்தக் கிசுகிசுப்பு இருந்த இடமே தெரியாது. பாட்டில் மட்டும் அது எப்படி டிரம்ஸுக்கு முன்னால் வந்து நிற்கிறது?

காரணம், பாடகருக்கும் நமக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இருக்கிறது. சத்தம் எகிறும்போது அமுக்குகிறது, அடங்கியதும் விடுகிறது. அந்தக் கையின் பெயர் கம்ப்ரஸர். இன்று அது கணினிக்குள் ஒரு மென்பொருள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அது வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் நிறைந்த, அலமாரியில் திருகி வைக்கப்பட்ட இரும்புப் பெட்டி. உலகின் பெரிய ஸ்டுடியோக்கள் இன்றும் அந்தப் பழைய பெட்டிகளைத் தூசி தட்டிப் பாதுகாக்கின்றன. ஏன்?

பால் காய்ச்சத் தெரிந்தால் போதும்!

கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்பவரைப் பார்த்தால் போதும்.

பால் பாத்திரத்தின் விளிம்பை நெருங்கும்வரை அவர் அசைய மாட்டார். அந்த விளிம்புதான் கம்ப்ரஸரில் 'த்ரெஷோல்ட்'. அதற்குக் கீழே உள்ள சத்தத்தை அது தொடுவதே இல்லை.

விளிம்பைத் தாண்டினால் தீயை எவ்வளவு குறைப்பது? கொஞ்சமாகவா, அடியோடா? அது 'ரேஷியோ'. 4:1 என்று வைத்தால், எல்லையைத் தாண்டி 4 டெசிபல் எகிறும் சத்தத்தில் 1 டெசிபலை மட்டுமே வெளியே விடும். 20:1 என்றால் கிட்டத்தட்ட சுவர்தான். இவ்வளவு கறாராக வேலை செய்யும் பெட்டிக்கு லிமிட்டர் என்று பெயர்.

கை எவ்வளவு வேகமாக அடுப்புக்குப் போகிறது? அது 'அட்டாக்'. பொங்கல் அடங்கிய பிறகு தீயை எவ்வளவு நேரத்தில் பழையபடி கூட்டுகிறோம்? அது 'ரிலீஸ்'.

இந்த நான்கில்தான் மொத்த வித்தையும். கை தாமதமாகப் போனால் பால் வழிந்துவிடும். அதாவது, உச்ச சத்தம் தப்பித்துவிடும். ரொம்ப வேகமாகப் போனால், டிரம்ஸில் குச்சி விழும் அந்த முதல் 'டப்' மழுங்கிவிடும். சீக்கிரமாகக் கையை எடுத்தால் சத்தம் ஏறி இறங்கி, ஓடி வந்தவருக்கு மூச்சிரைப்பதுபோலக் கேட்கும். கையை எடுக்கவே இல்லையென்றால் பாட்டு ஆறிப்போன பால் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. உச்சிகளைத் தாழ்த்திவிட்டால், மொத்தப் பாட்டையும் மேலே தூக்கி வைக்க இடம் கிடைக்கிறது. அப்படித் தூக்கும்போது கூடவே கிசுகிசுப்பும், மூச்சும், உதடு பிரியும் ஓசையும் மேலே வந்துவிடுகின்றன. கேட்பவருக்குப் பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க வந்த பெட்டி, நெருக்கத்தைக் கொடுத்துவிட்டது.

காவலுக்கு வந்தவர்

ஆனால், யாரும் அந்த நெருக்கத்துக்காக இதைக் கண்டுபிடிக்கவில்லை. தொடக்கத்தில் இது வெறும் காவல்காரன்.

ரேடியோ வளர்ந்த காலம் அது. ஒலிபரப்புக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிச் சத்தம் போனால் குரல் கரகரத்துப்போகும். பக்கத்து அலைவரிசையிலும் போய் இடிக்கும். அதனால் நிகழ்ச்சி முழுவதும் ஒருவர் குமிழில் கை வைத்து, முள்ளில் கண் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மனிதக் கை தாமதம்தான். சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், விரல் அசைவதற்குள் அந்தச் சத்தம் ஒலிபரப்பாகி முடிந்திருக்கும்.

அந்த வேலையைத் தானாகவே செய்யும் பெட்டிகள் 1930-களில் வந்தன. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த 110-ஏ அவற்றில் ஒன்று.

இசைத்தட்டுக்கும் இதே தலைவலி இருந்தது. சத்தம் பெரிதானால் தட்டில் வெட்டப்படும் பள்ளமும் அகலமாக நெளியும். அளவுக்கு மீறினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். வீட்டில் பாட்டுக் கேட்பவரின் ஊசி எகிறிக் குதிக்கும். சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தாலோ, தட்டின் சரசரப்பில் மூழ்கிப்போகும். மேலேயும் வேலி, கீழேயும் வேலி. நடுவில் இருந்த சந்துக்குள் மொத்த இசையையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்தப் பெட்டிகளின் அகலம் எல்லாம் ஒன்றுதான், 19 அங்குலம். தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கி வைத்த இரும்புச் சட்டங்களிலிருந்து வந்த அளவு அது. உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடுக்கு என்றால் ஒன்றேமுக்கால் அங்குலம். இந்த ஒற்றுமையால்தான், தாத்தா காலத்துப் பெட்டியைக்கூட இன்றைய ஸ்டுடியோவின் ரேக்கில் நான்கு திருகு போட்டு மாட்டிவிட முடிகிறது.

எஸ்தோனியாவிலிருந்து வந்த மனிதர்

இந்தக் கதையின் முதல் நாயகர் ரெய்ன் நார்மா. ஐரோப்பாவின் எஸ்தோனியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கா வந்தார். ஒலிக்கருவிகளைக் கையால் கட்டித் தருவதில் கெட்டிக்காரர். கிட்டார் மேதை லெஸ் பால், ஜாஸ் இசைப்பதிவில் பெயர்பெற்ற ரூடி வான் கெல்டர் ஆகியோர் அவரிடம் கருவிகள் செய்து வாங்கியவர்கள்.

1950-களில் நார்மா ஒரு லிமிட்டரை வடிவமைத்தார். ஷெர்மன் ஃபேர்சைல்டின் ஒலிக்கருவி நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது. ஒரு சேனல் மட்டும் இருந்தது 660. ஸ்டீரியோவுக்கான இரட்டைப் பெட்டி 670.

670-ஐப் பெட்டி என்று சொல்வதைவிட பீரோ என்று சொல்லலாம். உள்ளே 20 வால்வுகள், 14 டிரான்ஸ்ஃபார்மர்கள். எடை சுமார் 30 கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம்! சுவிட்சைப் போட்டால் அந்த 20 வால்வுகளும் சூடேறி, முன்னால் கை வைத்தாலே அனல் அடிக்கும்.

இதன் தனித்தன்மை, அது அமுக்கும் பக்குவம். எல்லையைத் தாண்டிய நொடியே 'டக்'கென்று பிடிக்காது. சத்தம் கூடக் கூட, பிடியும் மெல்ல மெல்ல இறுகும். விடுவதிலும் அதற்கு ஒரு நிதானம் உண்டு. அதன் முகப்பில் இருக்கும் 'டைம் கான்ஸ்டன்ட்' என்ற குமிழில் ஆறு நிலைகள். கடைசி இரண்டும் சுயமாக யோசிப்பவை மாதிரி நடந்துகொள்ளும். ஒரே ஒரு அடி மட்டும் எகிறினால் சட்டென்று விட்டுவிடும். பாட்டே தொடர்ந்து சத்தமாகப் போனால், ஆறாவது நிலையில் முழுவதும் விட 25 நொடிவரைகூட எடுத்துக்கொள்ளும்.

இதில் காலத்தின் குறும்பு ஒன்றும் இருக்கிறது. இந்த வால்வு மலையை விற்ற அதே ஷெர்மன் ஃபேர்சைல்டின் இன்னொரு நிறுவனத்தின் முதலீட்டில் பிறந்ததுதான் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர். 1959-ல் ராபர்ட் நாய்ஸ் சிலிக்கான் சிப்புக்கு வழிகாட்டியது அங்கேதான். வால்வுகளின் கடைசிப் பெரிய சாதனைகளில் ஒன்றும், வால்வுகளை வீட்டுக்கு அனுப்பிய சிப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மனிதரின் நிறுவனங்களிலிருந்து வந்தன.

விதியை மீறிய 20 வயது இளைஞர்

லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோ அப்போது ஓர் அரசு அலுவலகம் மாதிரி நடந்தது. எந்த வாத்தியத்துக்கு எவ்வளவு தூரத்தில் மைக் வைக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருந்தது. வெளியிலிருந்து வாங்கும் கருவிகளையும் அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். அமெரிக்காவின் ஆல்டெக் கம்ப்ரஸர்களை வாங்கி, பிரித்து மேய்ந்து, தங்களுக்கு ஏற்றபடி மாற்றி, ஆர்.எஸ்.124 என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஃபேர்சைல்ட் 660-களும் அங்கே வந்து சேர்ந்தன.

1966 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழு 'ரிவால்வர்' ஆல்பத்துக்கான ஒலிப்பதிவைத் தொடங்கியது. முதலில் எடுத்தது 'டுமாரோ நெவர் நோஸ்' பாடல். சவுண்ட் இன்ஜினீயர் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்தவர் ஜெஃப் எமெரிக். வயது 20.

ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் இன்னும் கனமாகக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். விதியை மீறி மைக்கை டிரம்முக்கு மிக அருகில் கொண்டுபோனார். பிறகு அந்தச் சத்தத்தை ஃபேர்சைல்ட் 660 வழியாக அனுப்பி, கருவியை மூச்சுத் திணறவைத்தார். காவலுக்கு வாங்கிய பெட்டியை, வேண்டுமென்றே அதன் எல்லைக்கு மேல் விரட்டினார்.

விளைவு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு டிரம்ஸ். ஒவ்வோர் அடியும் விழுந்தவுடன் பெட்டி அதை அமுக்குகிறது. விடும்போது, அடியின் வால் பொங்கிக்கொண்டு எழுகிறது. டிரம்ஸ் சுவாசிப்பதுபோல ஒரு பிரமை. ஒலிப்பதிவில் குறை என்று ஒதுக்கப்பட்டது, அன்று முதல் ஒரு சுவையாக மாறியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, லெட் செப்பெலின் குழு 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாடலுக்கு, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படிகளின் மேலே மைக்குகளைக் கட்டிப் பதிவு செய்தது. அங்கும் கம்ப்ரஸரைக் கடுமையாக முடுக்கினார் இன்ஜினீயர் ஆண்டி ஜான்ஸ். அந்த டிரம்ஸ் சத்தத்தின் துண்டுகளை வெட்டி எடுத்து, பிற்காலத்தில் ஏராளமானோர் தங்கள் பாடல்களில் ஒட்டிக்கொண்டார்கள்.

வெளிச்சத்துக்கு அடங்கும் பெட்டி

ஃபேர்சைல்ட் ஒரு யானை என்றால், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்த எல்.ஏ.-2ஏ ஒரு பசு. பசடேனா நகரில் டெலிட்ரோனிக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸ், 1960-களின் முற்பகுதியில் உருவாக்கியது. முக்கியமான குமிழ்கள் இரண்டே இரண்டுதான். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. அட்டாக், ரிலீஸ் எதையும் நாம் தொட முடியாது.

அதன் ரகசியம் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது. டி4 என்று பெயர். உள்ளே மின்சாரம் பட்டால் ஒளிரும் தகடு ஒன்று. அதற்கு எதிரே, வெளிச்சம் பட்டால் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் செல் ஒன்று. பாடகர் குரலை உயர்த்தினால் தகடு பிரகாசமாகும். செல் அதைப் 'பார்த்து' சத்தத்தைக் குறைக்கும். குரல் தணிந்தால் வெளிச்சமும் மங்கும், பிடியும் தளரும்.

இந்தச் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் கண் பழகச் சற்று நேரம் ஆகுமல்லவா? அதேபோல, எவ்வளவு பிரகாசத்தை எவ்வளவு நேரம் பார்த்தது என்பது அதற்கு நினைவிருக்கும். பிடியில் பாதியை நொடியின் பதினாறில் ஒரு பங்குக்குள் விட்டுவிடும். மீதியை விட அரை நொடி முதல் ஐந்து நொடிவரை எடுத்துக்கொள்ளும். சின்ன உச்சிக்குச் சின்ன மன்னிப்பு, நீண்ட கத்தலுக்கு நீண்ட மன்னிப்பு.

எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டு எழுதிவைத்த விதி அல்ல இது. ஒளிச்செல்லின் இயல்பான சோம்பல். ஆனால், மனிதக் குரல் ஏறி இறங்கும் விதத்தோடு அது அப்படியே பொருந்திப்போனது. குரலை அமுக்கியதே தெரியாமல் அமுக்கும் பெட்டி என்று பாடகர்களுக்காகவே இதைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

குளியலறையில் எதிரொலி கண்டவர்

மூன்றாவது நாயகர் பில் புட்னம். 1920-ல் பிறந்தவர். சிகாகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் ஸ்டுடியோவை நடத்தியபோது, 1947-ல் ஹார்மோனிகேட்ஸ் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' இசைத்தட்டுக்காக ஒரு வேலை செய்தார். ஒலியைக் குளியலறைக்குள் அனுப்பி, அந்தப் பளிங்குச் சுவர்களின் எதிரொலியை மைக்கில் பிடித்துப் பாட்டோடு கலந்தார். பாட்டு பெரிய வெற்றி பெற்றது. பிறகு ஹாலிவுட்டுக்குப் போய் யுனைடெட் ரெக்கார்டிங்கைத் தொடங்கினார். பிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல், ரே சார்லஸ் என்று பெரிய குரல்கள் எல்லாம் அவரோடு வேலை பார்த்தவை.

1967-ல் புட்னம் கொண்டுவந்த கம்ப்ரஸர்தான் 1176. வால்வுக்குப் பதில் எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டர் வகையை வைத்துச் சத்தத்தைக் கட்டுப்படுத்தினார். 30 கிலோ பீரோ, இரண்டு அடுக்கு உயரமுள்ள பெட்டியாகச் சுருங்கியது. வேகமோ பயங்கரம். ஒரு நொடியில் 50,000-ல் ஒரு பங்கு நேரத்தில் அதன் கை அடுப்புக்குப் போய்விடும்.

முகப்பில் 4, 8, 12, 20 என்று நான்கு ரேஷியோ பொத்தான்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அழுத்த வேண்டும். ஆனால், பிரிட்டிஷ் இன்ஜினீயர்கள் நான்கையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார்கள். உள்ளே கணக்கெல்லாம் குழம்பி, டிரம்ஸும் கிட்டாரும் வெறிபிடித்ததுபோல ஒலித்தன. அதற்கும் 'பிரிட்டிஷ் மோட்' என்று பெயர் வந்துவிட்டது. புதிதாக வருபவர்களை ஏமாற்றும் இன்னொரு குறும்பும் இதில் உண்டு. அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ். எண் கூடக் கூட நேரம் குறையும்.

பின்னால் இதன் இரைச்சலைக் குறைத்துத் திருத்தியவர் பிராட் பிளங்கெட். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து 'வா... வா...' என்று அழவைக்கும் வா-வா பெடலின் பிறப்பிலும் பங்குள்ளவர் அவர்.

டெலிட்ரோனிக்ஸ் கைமாறிக் கைமாறி, எல்.ஏ.-2ஏவும் 1967-ல் புட்னமின் நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது. இன்றும் பாடகர்களின் குரலுக்கு இந்த இரண்டையும் வரிசையாக வைப்பது ஒரு கைகண்ட முறை. முதலில் 1176 எகிறும் உச்சிகளைத் தட்டி வைக்கும். அடுத்து எல்.ஏ.-2ஏ மொத்தத்தையும் தடவிச் சமன் செய்யும்.

சரி, எல்லோருக்கும் இது பிடித்ததா? புட்னமிடம் சிகாகோவில் வேலை கற்றவர் புரூஸ் ஸ்வீடியன். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைப் பதிவு செய்து மிக்ஸ் செய்தவர். கம்ப்ரஸர் இசையின் உயிர்த்துடிப்பைப் பறித்துவிடும் என்று நம்பி, முடிந்தவரை அதை ஒதுக்கி வைத்தவர் அவர். உலகின் மிகப் புகழ்பெற்ற கம்ப்ரஸர்களில் ஒன்றை உருவாக்கியவரின் சீடரே, கம்ப்ரஸரைச் சந்தேகத்தோடு பார்த்தார். அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் அர்த்தம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதுமையும் மறுபிறவியும்

இந்தப் பெட்டிகளுக்கும் வயதாகிறது. கெப்பாசிட்டர்கள் உள்ளுக்குள் வறண்டுபோகின்றன. டி4 டப்பாவின் ஒளிரும் தகடு ஆண்டுகள் போகப் போக மங்குகிறது. ஃபேர்சைல்டின் உயிர்நாடி 6386 என்ற வால்வு. பழைய இருப்பிலிருந்து அது கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் விலை எட்டாது. கிடைத்ததை எல்லாம் சோதித்து, குணம் ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பொறுக்கி எடுத்து மாட்ட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் உள்ளே தேங்கி இருக்கும் என்பதால், தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

அதனால்தான், நன்றாக ஓடும் ஓர் அசல் 670-ன் விலை பல பத்தாயிரம் டாலர்கள். நம் ஊர்க் கணக்கில் லட்சங்கள்! ஒரே மாடலில் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தாலும் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்காது. ஒவ்வொன்றும் அதனதன் வழியில் மூப்படைந்திருக்கும்.

புட்னம் 1989-ல் மறைந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1999-ல் அவருடைய மகன்கள் இருவர், அப்பாவின் யுனிவர்சல் ஆடியோ என்ற பெயரை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். 1176-ஐயும் எல்.ஏ.-2ஏவையும் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். கூடவே, அதே பெட்டிகளைக் கணினி மென்பொருளாகவும் ஆக்கினார்கள். 2000-ல் புட்னமுக்கு மறைவுக்குப் பிந்தைய தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

இன்று சென்னையில் ஒரு படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துப் பாட்டு மிக்ஸ் செய்யும் இளைஞரும், கணினித் திரையில் இதே பெட்டிகளின் படத்தைத்தான் பார்க்கிறார். அதே குமிழ்கள், அதே முள், அதே நான்கு பொத்தான்கள். அசலைத் தொட்டே பார்க்காதவர்களும் அதன் சுபாவத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஒளிச்செல்லின் சோம்பலையும் வால்வின் நிதானத்தையும் கணக்காக மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் குறை என்று நினைத்ததை எல்லாம் அப்படியே நகலெடுப்பதற்காக!

கையை எடுக்க மறந்த காலம்

டிஜிட்டல் வந்ததும் ஒரு பெரிய மாற்றம். பழைய பெட்டிகளுக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும், சத்தம் வந்த பிறகுதான் கை அசையும். கணினியோ, வரப்போகும் சத்தத்தை முன்கூட்டியே பார்த்துவிடும். ஓர் உச்சிகூடத் தப்பாது. அப்படியென்றால் எல்லா உச்சிகளையும் வெட்டிவிட்டு, மொத்தப் பாட்டையும் கூரைவரை தூக்கி வைக்கலாமே?

அதைத்தான் செய்தார்கள். பக்கத்துக் கடைப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி, 1990-களில் சூடுபிடித்தது. 'லவுட்னஸ் வார்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. திருவிழாவில் இரண்டு ஒலிபெருக்கிகள் எதிரெதிரே கட்டப்பட்டால் என்ன ஆகுமோ, அதுதான் சி.டி-க்களுக்கு நடந்தது.

2008-ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வெளிவந்தபோது ரசிகர்களே பொறுமை இழந்தார்கள். ஆல்பம் கரகரக்கிறது, காது களைத்துப்போகிறது என்று புகார்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வந்திருந்தன. அதில் இவ்வளவு நசுக்கல் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆயிரக்கணக்கானோர், ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடக் கோரி இணையத்தில் கையெழுத்திட்டார்கள்.

டி.வி-யிலும் இதே கதை. சீரியலில் அழுகை மெதுவாகக் கேட்கும். விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். விளம்பரத்தின் உச்ச சத்தம் விதிக்குள்தான் இருக்கும். ஆனால், ஏற்ற இறக்கத்தை எல்லாம் நசுக்கிவிட்டதால் ஒவ்வொரு நொடியும் உச்சியிலேயே நிற்கும். காது அளப்பது உச்சியை அல்ல, சராசரியை. இந்தத் தந்திரத்துக்குக் கடிவாளம் போட அமெரிக்காவில் 2010-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களும் 2010-லேயே சராசரிச் சத்தத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் இப்போது அதிக சத்தமாகப் பதிவான பாட்டைத் தாமாகவே தாழ்த்திவிடுகின்றன. அதாவது, நசுக்கித் தூக்கிவைத்த பாட்டுக்கு இனி அந்தக் கூடுதல் சத்தம் கிடைக்காது. நசுங்கியது மட்டும்தான் மிச்சம். அடக்கமாகவும் ஏற்ற இறக்கத்தோடும் பதிவான பாட்டு, அதன் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது உயிரோடு இருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1960-களின் பாட்டு ஒன்றையும், காது களைக்கும் இன்றைய பாட்டு ஒன்றையும் ஒரே சத்தத்தில் அடுத்தடுத்துக் கேளுங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடைவெளியைக் கவனியுங்கள். பழையதில் அங்கே சத்தம் கீழே இறங்கும். அடுத்த அடி விழும்போது அது அடி என்று தெரியும். நசுக்கப்பட்டதில் இறக்கமே இருக்காது. எல்லாமே சத்தம் என்றால் எதுவுமே சத்தம் இல்லை.

முள் திரும்பி வர வேண்டும்

பழைய கம்ப்ரஸர்களின் முகப்பில் வெளிச்சம் போட்ட ஒரு மீட்டர் இருக்கும். சாதாரண மீட்டரில் சத்தம் கூடினால் முள் வலது பக்கம் ஏறும். இதில் அமைதியாக இருக்கும்போது முள் 0-வில் நிற்கும்; சத்தம் எகிறினால் இடது பக்கம் சாயும். எவ்வளவு சத்தம் போகிறது என்பதை அது காட்டுவதில்லை. எவ்வளவு சத்தத்தை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதைக் காட்டுகிறது.

அனுபவசாலிகள் பாடகரின் குரலுக்கு இதை வைக்கும்போது முள் எவ்வளவு சாய்கிறது என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஒரு வரி முடிந்து பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில், முள் மறுபடி 0-வுக்கு வந்து சேர்கிறதா என்றும் பார்ப்பார்கள். வந்தால், குரலுக்கு அதன் ஏற்ற இறக்கம் திருப்பித் தரப்பட்டது என்று அர்த்தம். வராமல் இடது பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால், குமிழை ஒரு சுற்றுக் குறைப்பார்கள்.

ஃபேர்சைல்டின் ஆறாவது நிலையும், எல்.ஏ.-2ஏவின் ஒளிச்செல்லும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் தேடப்படுவதற்குக் காரணம், அவை சத்தத்தை நன்றாகப் பிடிக்கும் என்பது மட்டுமல்ல. இன்றைய கணினி அவற்றைவிட நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு எப்போது, எவ்வளவு மெதுவாகக் கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.